1/72 டாங்கிக்கு ஏற்ற சங்கிலி எது: வினைலா, கெட்டிப் பிளாஸ்டிக்கா?

1/72 அளவில், அதாவது அசலில் 72இல் ஒரு பங்காக, கட்டி முடித்த டி-34 என்னும் சோவியத் டாங்கியின் பிளாஸ்டிக் மாதிரி உள்ளங்கையில் அடங்கிவிடும். அசல் வண்டியில் 172 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு சங்கிலிக் கண்ணி, நம் மேசைக்கு வரும்போது 2.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இவ்வளவு சிறிய உறுப்பைக் கிட் (மாதிரியைக் கட்டுவதற்கான உறுப்புகள் அடங்கிய பெட்டி) தயாரிப்பாளர்கள் இரண்டு விதமாகத் தருகிறார்கள். ஒன்று, ரப்பர் வளையம்போல வளையும் வினைல் பட்டை. மற்றது, மேலும் கீழும் ஓடும் நேர்ப்பகுதிகளை நீளத் துண்டுகளாகவும், சக்கரத்தைச் சுற்றி வளையும் இடங்களுக்குத் தனித்தனிக் கண்ணிகளாகவும் வார்த்துத் தரும் கெட்டிப் பிளாஸ்டிக். ரெவல் நிறுவனத்தின் 1/72 டாங்கிகள் பலவற்றில் இதைக் காணலாம். சக்கரங்களும் சங்கிலியும் ஒரே வார்ப்பாக வரும் வகையும் உண்டு. அது போர் விளையாட்டு மேசைக்கு உரியது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

டி-34, டைகர் போன்ற வண்டிகளில் சங்கிலியின் மேற்பகுதியைத் தாங்கும் சிறு உருளைகள் கிடையா. டன் கணக்கில் எடையுள்ள எஃகுச் சங்கிலி, பெரிய சக்கரங்களின் மீது படுத்து, இரண்டு சக்கரங்களுக்கு இடையே இலேசாகத் தொய்ந்து நிற்கும். அந்தத் தொய்வுதான் அது எஃகு என்பதைக் கண்ணுக்கு உணர்த்துகிறது. வினைல் பட்டையோ இழுத்துக் கட்டிய ரப்பர்போல விறைத்து நிற்கும். அதைச் சக்கரத்தோடு ஒட்டிப் படியவைக்கலாம் என்றால் சாதாரணப் பிளாஸ்டிக் பசை அதில் பிடிக்காது. சூப்பர் குளூ பிடிக்கும். ஆனால் அது காற்றின் ஈரத்தைக் கொண்டே இறுகும் பசை. ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும் சிங்கப்பூரில், சரிசெய்ய அவகாசம் தராமல் இறுகிவிடுவதோடு, சுற்றிலும் வெண்புகைபோலப் படிந்து சாயத்தையும் கெடுக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, ஆண்டுகள் கழித்துத் தெரியவருவது. வினைலை நெகிழ்வாக வைத்திருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் மெல்லக் கசிந்து, தன்னைத் தொட்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கக்கூடியது. வெப்பம் அதை விரைவுபடுத்தும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மாலை வெயில் படும் சன்னலோர அலமாரியில் வைத்திருந்த ஒரு பழைய டாங்கியைத் தூசி தட்ட எடுத்தபோது, பட்டை சக்கரத்தின் விளிம்புக்குள் புதைந்து, தொட்ட விரலில் பிசுபிசுத்தது. மூன்று வாரம் உழைத்துக் கட்டிய வண்டி அது. அன்றிலிருந்து, வினைலைத் தவிர்க்க முடியாத கிட்களில் சக்கர விளிம்புகளுக்கு அக்ரிலிக் சாயத்தை இரண்டு பூச்சாவது கொடுத்து, பட்டை பிளாஸ்டிக்கை நேரே தொடாதபடி பார்த்துக்கொள்கிறேன்.

கெட்டிப் பிளாஸ்டிக் பொறுமையைக் கேட்கும் என்பது உண்மைதான். ஒவ்வொரு கண்ணியையும் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டுத் தடத்தை அரத்தால் தேய்க்க வேண்டும். அறையில் மின்விசிறி சுழன்றால் ஒன்றிரண்டு பறந்துபோகும். ஆயினும் நேர்த்துண்டுகளையும் கண்ணிகளையும் ஒட்டுநாடாவின் மீது வரிசையாக அடுக்கி, மெல்லிய திரவப் பசையைத் தூரிகையால் ஓடவிட்டு, ஏறக்குறைய கால் மணி நேரம் காத்திருந்தால், அவை பிரியாமலும் முழுதாக இறுகாமலும் இருக்கும் ஒரு பதம் வரும். அந்தப் பதத்தில் சக்கரங்களின் மேல் சுற்றி, பல்குத்தும் குச்சியின் முனையால் இடைவெளிகளில் மெல்ல அழுத்தினால், டி-34இன் தொய்வு அப்படியே வந்து அமர்கிறது.

எல்லா வண்டிக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. 1969 சிங்கப்பூர் தேசிய தின அணிவகுப்பில் பாடாங் திடல் வழியாகச் சென்ற ஏஎம்எக்ஸ்-13 என்னும் இலகு டாங்கியில் மேற்சங்கிலியைத் தாங்கும் உருளைகள் உண்டு. தொய்வு குறைவு என்பதால் வினைல் பட்டை அங்கே அவ்வளவாக உறுத்தாது. இன்று நம் ராணுவத்திடம் இருக்கும் லெப்பர்ட் 2எஸ்ஜி டாங்கியிலோ மேற்சங்கிலி பக்கத் தகடுகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அவ்வகை வண்டிக்கும் கெட்டிப் பிளாஸ்டிக்கையே தேர்ந்தெடுப்பேன். தகடு மூடும் மேல்துண்டுகளை மட்டும் ஒட்டாமல், மிஞ்சிய கண்ணிகளை அடுத்த கிட்டில் தொலைந்தவற்றுக்கு ஈடாகச் சிறு டப்பாவில் சேர்த்துவைப்பேன்.