ஒரு சுவர், மூன்று செம்பு

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கும் கடலுக்கும் எதிரே எங்கள் தொடர்மாடி வீடு. கூடத்தில் ஆணி அடிக்கத் தோதான சுவர் ஒன்றுதான். மீதியை யன்னலும் அலுமாரியும் பிடித்துக்கொண்டுவிட்டன. அந்தச் சுவருக்கு மூன்று செப்பு வேலைப்பாடுகள் போட்டிக்கு நின்றன. ஒன்று, எழுபதுகளில் மொஸ்கோவில் படித்த மாமா திரும்பும்போது கொண்டுவந்த ஜோர்ஜியப் புடைப்புத் தகடு. இன்னொன்று, பெரியம்மா சென்னைப் பயணத்தில் வாங்கிவந்த தஞ்சாவூர்க் கலைத்தட்டு. மூன்றாவது, கொழும்புக் கடையொன்றில் நான் பார்த்து வைத்திருந்த கண்டி வேலைப்பாட்டுத் தகடு.

தஞ்சாவூர்த் தட்டை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் எனக்குப் பெரிய மயக்கம் இல்லை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் கலை அது. செம்பும் வெள்ளியும் அடுத்தடுத்து இருக்கும்போது எழும் சிவப்பு வெள்ளை முரண்தான் அதன் அழகு முழுவதும். வெள்ளித் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி உருவம் எடுப்பார்கள். உட்குழிவில் மெழுகு நிரப்பித் தட்டின்மேல் பதிப்பார்கள். தட்டு செய்பவர் ஒருவர், உருவம் எடுப்பவர் ஒருவர், பதிப்பவர் ஒருவர் என்று பல கை மாறும். எங்களுடையதில் நடுவே நடராசர், சுற்றிலும் கொடி. குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மேடையில் பொன்னாடைக்கு அடுத்தபடியாக நினைவுப் பரிசாகக் கொடுத்துக் கொடுத்தே அந்தத் தட்டைக் கெடுத்துவிட்டார்கள். கூடத்தில் மாட்டினால், வீட்டில் யாரோ ஓய்வு பெற்றுவிட்டார் என்றுதான் வருகிறவர்கள் நினைப்பார்கள். சாமியறையில் வைத்தால் அதற்குரிய இடம் கிடைக்கும்.

கண்டித் தகட்டில்தான் நான் சறுக்கினேன். அன்னங்கள் கழுத்தோடு கழுத்துப் பின்னிய வட்டம், கரையில் இலைச்சுருள். இந்த மரபைப் பற்றி விரிவாக எழுதியவர் ஒரு தமிழர்: கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலை குறித்து அவர் 1908இல் வெளியிட்ட நூலில் உலோக வேலைக்கும் இடம் உண்டு. அந்த உலகத்தில் கலைஞன் பெயர் பொறிப்பது வழக்கமில்லை; வடிவம் பரம்பரையின் சொத்து. அதனால் கண்டித் தகடு ஒன்றைப் பார்த்து "யார் செய்தது?" என்று கேட்பதைவிட "எப்போது செய்தது, எப்படிச் செய்தது?" என்று கேட்பதே முறை. நான் இரண்டையும் கேட்கவில்லை. "நூறு வருடப் பழையது" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாய் பிளந்து நின்றேன். ஒரு மூலையைக் கைக்குட்டையால் தேய்த்தபோது அந்த நூறு வருடமும் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. பழுப்புச் சாயம். அடியில் புத்தம் புதிய அச்சுவேலை. கண்டி மரபில் நல்ல வேலை வேண்டுமென்றால் நத்தரம்பொத்தை, பிலிமத்தலாவைப் பக்கம் போய்ச் செய்கிறவர் கையிலிருந்தே வாங்கவேண்டும். போயிருக்கவேண்டும், போகவில்லை.

உள்ளூரில் செம்பைக் கொண்டு பெரிதாகக் கனவு கண்டவர் சிற்பி லக்கி சேனநாயக்க (1937–2021). காலியில் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த ஹோட்டலின் சுழல்படிக்கட்டில், கண்டிப் படை போர்த்துக்கேயரோடு மோதிய 1630ஆம் ஆண்டு ரந்தெனிவெலப் போரைச் செம்பிலும் பித்தளையிலும் படிக்குப் படி ஏற விட்டிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு சுவர்த் தகடுகள் எல்லாம் கொஞ்சம் சிறுத்துத்தான் போகின்றன. ஆனால் ஒரு போர்ப்படையை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா?

மிச்சம் மாமாவின் ஜோர்ஜியப் பெண். ஒன்றரை அடி உயரம், பக்கவாட்டு முகம், இடுப்புவரை தொங்கும் இரட்டைப் பின்னல், கையில் திராட்சைக் குலை. பள்ளங்களில் கறுப்பு, மேடுகளில் செந்நிறம். கந்தகக் கலவையால் முழுத் தகட்டையும் கறுக்க வைத்து, மேடான இடங்களை மட்டும் துலக்கி எடுத்தால் இந்த நிழல் விழும். "பெரிய சிற்பி ஒருவர் செய்தது" என்று மாமா நாற்பது வருடமாக விருந்தாளிகளிடம் சொல்லிவந்தார். ஜோர்ஜியாவில் இந்தக் கலைக்கு நீண்ட வேர் உண்டு. 12ஆம் நூற்றாண்டுப் பொற்கொல்லர் பேக்கா ஒப்பிசாரியின் பெயர் இன்றும் நிற்கிறது. இடையில் மங்கிப்போன கலையைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மீட்டவர்களில் முதன்மையானவர் 1924இல் பிறந்த இராக்லி ஓச்சியவுரி. அவர்களுக்குக் கிடைத்த புகழைப் பார்த்துப் பட்டறைகள் பெருகின. சோவியத் வீடுகளின் சுவர்களில் இப்படிப்பட்ட தகடுகள் ஏறின.

உண்மை அறிய, செட்டியார் தெருவில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் பத்தர் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாங்கியதும் கவிழ்த்துவிட்டார்.

"முன்பக்கம் விற்கிறவனுக்கு, தம்பி. பின்பக்கம்தான் செய்கிறவனுடையது."

பின்பக்கத்தில் முத்திரையும் ரூபிளில் விலையும் பொறித்திருந்தன. பெரிய சிற்பி அங்கேயே விழுந்துவிட்டார். ஆனால் பத்தர் ஐயா நிறுத்தவில்லை. செம்பைச் சிவக்கச் சுட்டுத் தணித்தால் தோல்போல இளகிக் கொடுக்கும், தட்டத் தட்ட இறுகும், மறுபடி சுடவேண்டும். குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் காய்ச்சிய படுக்கையில் பதித்து, பின்னாலிருந்து தட்டிப் புடைத்து, திருப்பி முன்னாலிருந்து தீர்ப்பார்கள். அப்படிச் செய்த தகட்டின் முதுகில் உளித்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். அச்சில் அழுத்தியதன் முதுகோ மொழுமொழுவென்று இருக்கும். எங்கள் பெண்ணின் உடையும் திராட்சையும் மொழுமொழு. முகத்திலும் பின்னலிலும் மட்டும் உளித்தடம். அச்சில் எடுத்ததை யாரோ ஒருவர் கையால் தீர்த்திருக்கிறார். இடப்பக்கப் பின்னலின் மூன்றாவது முடிச்சில் உளி வழுக்கி, ஒரு மயிரிழைக் கோடு கன்னத்தை நோக்கி ஓடியிருக்கிறது. நாற்பது வருடம் பார்த்தும் யார் கண்ணிலும் படாத கோடு. அதைக் காட்டியபோது பத்தர் ஐயா சிரித்தார். "சாப்பாட்டு மணி அடித்திருக்கும்."

அந்தக் கோட்டுக்காகத்தான் நான் ஜோர்ஜியப் பெண்ணைத் தேர்ந்தேன். மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அவருக்குச் சிற்பி போய்விட்டார். எனக்கு அன்றுதான் ஒருவர் வந்திருந்தார்.

கடற்காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். நியூயோர்க் சுதந்திர தேவி சிலையும் தட்டிப் புடைத்த செம்புதான், 2.4 மில்லிமீற்றர் தடிப்பு. 1886இல் செந்நிறமாக நின்றவள் 1920க்குள் முழுக்கப் பச்சையாகிவிட்டாள். வீட்டுக்குள் அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் வெள்ளவத்தை உப்பு யன்னல் கம்பியையே தின்கிறது. தூசியை உலர்ந்த பஞ்சுத் துணியால் தட்டி, ஆண்டுக்கொரு முறை மெழுகை மெல்லப் பூசினால் போதும். தஞ்சாவூர்த் தட்டை வெந்நீரில் மட்டும் கழுவக்கூடாது, உள்ளே மெழுகு இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு மாட்டினேன். தீபாவளிக்கு முந்திய நாள் வேலை முடிந்து வந்தால், ஜோர்ஜியப் பெண்ணின் கழுத்திலிருந்து கீழே புதுக் குடம்போலப் பளபளக்கிறது. பெரியம்மா கையில் புளி உருண்டை. "எத்தனை வருட அழுக்கு! எப்படி இதைக் கூடத்தில் மாட்ட மனம் வந்தது உனக்கு?" நல்லவேளை, கீழிருந்து மேலே தேய்த்துக்கொண்டு வந்திருந்தார். பின்னலின் மூன்றாவது முடிச்சுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றிருந்தது புளி.

தகடு இப்போது அதே சுவரில் இருக்கிறது, மேலே கறுப்பும் கீழே சிவப்புமாக. மறுபடி கறுக்க வைக்கலாம் என்கிறார் பத்தர் ஐயா. தை பிறக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். பொங்கலுக்கும் பெரியம்மா வருவார்.