வேலையை விடாமல் இணையவழியில் எம்.பி.ஏ.: படித்து முடித்தபின் ஒரு மதிப்பீடு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்று நடத்தும் இணையவழி எம்.பி.ஏ. படிப்பை நான்கு பருவங்களில் முடித்துச் சென்ற மாதம் பட்டச் சான்றிதழைப் பெற்றேன். சேர்வதற்கு முன் தேடியபோது என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் விளம்பரங்களே. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அங்கீகாரம். இணையவழிப் பட்டப் படிப்புகளைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. உரிய அனுமதியோடு நடத்தப்படும் இணையவழி, தொலைநிலைப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று அக்குழு 2022இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் பொதுவாக அனுமதி இருந்தால் போதாது. நாம் சேரும் கல்வியாண்டில், நாம் சேரும் பாடப்பிரிவுக்கு, இணையவழி முறையில் அனுமதி உண்டா என்பதைக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய படிப்புகளை ஃப்ரான்சைஸ் முறையில், அதாவது வெளி மையங்களிடம் ஒப்படைத்து, நடத்த விதிகள் இடம் தரவில்லை. ஆகவே "எங்கள் மையத்தில் பணம் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் இடைத்தரகர்களை நம்பவே கூடாது.

பாடத்தைப் பொறுத்தவரை, பதிவுசெய்த காணொளி, படிக்கும் குறிப்பு, சுயமதிப்பீட்டு வினாக்கள், விவாதப் பகுதி என நான்கும் இருந்தன. இவை தவிர சனி, ஞாயிறு மாலைகளில் நேரலை வகுப்புகள் நடந்தன. என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் உயிர் அந்த நேரலை வகுப்புகளில்தான் இருந்தது. காணொளிகள் தெளிவாகவே இருந்தாலும், எட்டு மணிக்கு வீடு திரும்பிச் சாப்பிட்டுவிட்டு உட்காரும் ஒருவருக்கு நாற்பது நிமிடக் காணொளியில் பாதிக்கு மேல் மனத்தில் நிற்பதில்லை.

மேலாண்மைக் கணக்கியல் நடத்திய பேராசிரியை, புத்தகக் கணக்கைப் போடுவதற்கு முன் அவரவர் வேலையிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். எங்கள் தொழிற்சாலையின் டி-சர்ட் காஸ்டிங் ஷீட்டை (செலவுக் கணக்குத் தாளை), எண்களை முழு எண்களாக்கி மாற்றிக் கொண்டுபோனேன். ஒரு பீஸின் விலை 180 ரூபாய். நூல், நிட்டிங், டையிங், பீஸ் ரேட் கூலி, பேக்கிங் என, பீஸ் எண்ணிக்கையோடு சேர்ந்து மாறும் செலவு 155. மீதி நிற்கும் பங்களிப்பு 25. வாடகை, மாதச் சம்பளம், வட்டி என மாதந்தோறும் நிலையாக நிற்கும் செலவு 4 லட்சம். ஆக, மாதம் 16,000 பீஸ் போனால்தான் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பிறகு அவர் கேட்டார்: "ஆர்டர் இல்லாத மாதத்தில் ஒரு பையர் (வாங்கும் நிறுவனம்) 165 ரூபாய்க்குக் கேட்டால் என்ன செய்வீர்கள்?" முழுச் செலவையும் பீஸ்களின் மேல் பரப்பிப் பார்த்தே பழகிய நான், நட்டம், வேண்டாம் என்றேன். சும்மா நிற்கும் மெஷின்களுக்கும் அந்த 4 லட்சம் போகத்தான் போகிறது, வருகிற 10 ரூபாய் அதில் ஒரு பங்கைத் தாங்கும் என்று அவர் காட்டியதோடு, அதே பையர் அடுத்த சீசனிலும் 165ஐயே பேசுவார், அதையும் கணக்கில் வையுங்கள் என்று எச்சரித்தார். எட்டு ஆண்டுகளாக நான் கையாண்ட ஷீட்டை அன்றுதான் முழுமையாகப் படிக்கத் தெரிந்துகொண்டேன்.

செயல்பாட்டு மேலாண்மையில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நடந்த விவாதமும் அப்படிப்பட்டதே. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனையில், ஒரு மருத்துவர் அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சை செய்யும்படி மற்ற வேலைகள் எவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் படித்தபோது, எங்கள் தையல் லைனில் டெய்லர் எழுந்துபோய்த் தைக்க வேண்டிய துணிக்கட்டை (பண்டில்) தானே எடுத்துவரும் வழக்கம் எனக்கு உறுத்தியது. இப்போது அதற்கென ஒரு ஹெல்பர் இருக்கிறார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விவாதப் பகுதியில் நான் கேட்ட ஐயத்துக்கு ஒன்பது நாள் கழித்து, "பாடக்குறிப்பைப் பார்க்கவும்" என்ற ஒரு வரி பதிலாக வந்தது. அசைன்மென்ட்களுக்கு மதிப்பெண் வந்ததே தவிர, எங்கே தவறினோம் என்ற குறிப்பு எந்தப் பாடத்திலும் வரவில்லை. உள்மதிப்பீட்டுக்கு 30, பருவத்தேர்வுக்கு 70 என்ற நிலையில் இது சிறிய குறையன்று.

கேமரா வழிக் கண்காணிப்போடு வீட்டிலிருந்தே தேர்வு எழுதலாம் என்பது பெரிய வசதி. ஆனால் இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் தேர்வின்போது மழையில் மின்சாரம் போய் இணைப்பு அறுந்தது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பதினோரு நிமிடங்களுக்குள் திரும்பி நுழைந்தும், விடைத்தாள் தானாகவே சமர்ப்பிக்கப்பட்டிருந்தது. ஏழு மின்னஞ்சல்களுக்குப் பிறகும், அடுத்த பருவத்தில் மறுதேர்வுக் கட்டணம் கட்டி எழுத வேண்டியதாயிற்று. அதன்பின் ஒவ்வொரு தேர்வுக்கும் முன்னால் இன்வெர்ட்டர், இரண்டாவது சிம் இரண்டையும் தயாராக வைத்துக்கொண்டேன்.

பணத்தில் இன்னொரு வருத்தம் உண்டு. "வட்டியில்லாத் தவணை" என்று அட்மிஷன் கவுன்சிலர் தொலைபேசியில் சொன்னது, என் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தந்த கடன் என்பது ஒப்பந்தத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. படிப்பை இடையில் நிறுத்தினாலும் அக்கடன் நிற்காது. பருவத்துக்குப் பருவம் நேரடியாகக் கட்டும் வழி கேட்டு வாங்கினேன். கேட்காதவர்களுக்கு அது சொல்லப்படவே இல்லை என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லூரி முடித்தவுடன் வளாக நேர்காணலில் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். எங்களுக்கு நடந்தவை சில இணையவழி வேலைவாய்ப்பு முகாம்கள் மட்டுமே. நான்கைந்து ஆண்டு வேலை அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாகக் கணக்கும் கொள்முதலும் தினமும் கையில் புழங்குகிறவர்கள், தயங்காமல் சேரலாம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். தேர்வு மாதங்களில் அது போதாது. பணம் கட்டுவதற்கு முன், நடந்துகொண்டிருக்கும் நேரலை வகுப்பு ஒன்றில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பதிவுசெய்த மாதிரிக் காணொளியை மட்டும் அனுப்பினால், வேறு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.