ஹெரால்டு கூபே வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு: போலி என்ஜின் எண்ணும் ஒட்டுப்போட்ட டிஸ்க் பிரேக்கும்

டிரையம்ப் ஹெரால்டு, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வகைக் கார்களை மதுரைப் பக்கம் பட்டறைக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரைத் தவிர்க்கிறேன்.

என்னிடம் இருப்பது 1960-ஆம் ஆண்டின் டிரையம்ப் ஹெரால்டு கூபே, இரண்டு கதவு உள்ள பிரிட்டிஷ் கார். கொடைக்கானல் எஸ்டேட் ஒன்றிலிருந்து என் மாமனார் வாங்கியது. இந்தக் கூபே 1959-இல் வெளிவந்தபோது அதன் 948 சி.சி. என்ஜினுக்கு இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர் இருந்தது. என் வண்டியிலோ ஒற்றைக் கார்புரேட்டர்; ஆகவே இடையில் யாரோ என்ஜினை மாற்றியிருக்கிறார்கள் என்பது முன்பே தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண் ‘ஜி’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. அது எந்த என்ஜின் என்று உறுதிசெய்வதும், முன்சக்கரப் பிரேக்கை மேம்படுத்துவதுமே நான் ஒப்படைத்த வேலைகள்.

பட்டறைக்காரர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துளைக்குள் நீளக் கம்பியொன்றை விட்டு, கிராங்க்கைச் சுற்றவைத்து, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 76 மில்லிமீட்டர் என்று அளந்து காட்டினார். பிறகு கைப்பேசியில் 1147 சி.சி. என்ஜினின் அட்டவணையை எடுத்து, அதிலும் 76 என்றே இருப்பதைக் காட்டி, “இது சாதாரண ஹெரால்டு இல்லை சார், பெரிய என்ஜின்” என்றார். கேட்பவர் நம்பும்படியான செயல்விளக்கம்தான். ஆனால் ஹெரால்டில் வந்த 948, 1147, 1296 சி.சி. ஆகிய மூன்று என்ஜின்களுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், ஒன்றே, அதே 76. வேறுபடுவது சிலிண்டரின் விட்டம் மட்டுமே: முறையே 63, 69.3, 73.7 மில்லிமீட்டர். என்ஜினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கி வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

1147 என்ஜினின் எண் ‘ஜிஏ’ என்று தொடங்க வேண்டுமே என்று கேட்டதற்கு, ஆர்.சி.யில் எழுத்தர் ‘ஏ’வை விட்டிருப்பார் என்று சொல்லி, என்ஜினின் உடலான பிளாக்கில் அந்த எழுத்து இருப்பதையும் காட்டினார்கள். பின்னர் திருமங்கலத்தில் அனுபவமிக்க மெக்கானிக் ஒருவர், ஹெட் அமரும் விளிம்புக்குக் கீழே பூசியிருந்த புதுப் பெயின்டைத் தின்னர் ஊற்றித் துடைத்தபோது விவரம் வெளியே வந்தது. மற்ற எழுத்துகளும் எண்களும் தேய்ந்து, குழிகளில் கறுப்பேறி, ஒரே ஆழத்தில் இருந்தன. ‘ஏ’ மட்டும் சற்றே சாய்ந்து, அடுத்த எண்ணை இடித்துக்கொண்டு, உள்ளே இரும்பு பளிச்சென்று தெரிய நின்றது. ஹெட்டை இறக்கி அளந்தார்; 63.5. அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சற்றே அகலமாக்கி, ஒருமுறை ஓவர்சைஸ் போட்ட 948. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளிலும் இருந்தது இதே 948 தான். 1147-க்கென்று இங்கிலாந்திலிருந்து வரவழைத்ததாகப் பில் போட்ட பிஸ்டன் செட் இந்தச் சிலிண்டருக்குள் நுழையவே நுழையாது.

பணத்தைவிடப் பிரேக் விஷயந்தான் எனக்குக் கோபமூட்டுவது. “பெரிய என்ஜினுக்கு டிரம் தாங்காது” என்று சொல்லி, டிரையம்பின் இன்னொரு மாடலான ஸ்பிட்ஃபயர் காரின் 9 அங்குல டிஸ்க், அதைப் பிடித்து அழுத்தும் காலிப்பர் என்று பில் எழுதிவிட்டு, பொருத்தியிருந்தது மாருதி 800-இன் டிஸ்க். அதன் நான்கு போல்ட் துளைகள் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. ஹெரால்டு ஹப்பில் அந்த வட்டம் 95.25. எனவே வார்ப்பிரும்பு டிஸ்க்கின் பழைய துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, பக்கத்திலேயே புதுத் துளைகள் போட்டிருந்தார்கள். வார்ப்பிரும்பில் இப்படி வைக்கும் வெல்டிங் சூட்டிலும் அதிர்விலும் விரிசல் விடக்கூடியது என்பது லேத் பட்டறைப் பையனுக்கும் தெரியும்.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றவில்லை. டிரம் பிரேக்கில் சுழலும் டிரம்மே லைனிங்கை இழுத்து அழுத்த உதவும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது என்பதால் கூடுதல் அழுத்தம் தேவை. காலிப்பர் பிஸ்டன் பெரியது என்பதால் தள்ளவேண்டிய பிரேக் ஆயிலும் அதிகம். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு மிதித்தால் பெடல் தரையை நோக்கித்தான் போகும். போதாக்குறைக்கு, பிரேக் லைனுக்கு ஃபிரிட்ஜ் வேலைக்கு வாங்கும் செம்புக் குழாயைப் போட்டு, முனையை இரட்டை மடிப்பாக விரிக்காமல் ஒற்றையாக விரித்து நட்டை முறுக்கியிருந்தார்கள். பழமுதிர்சோலையிலிருந்து அழகர்கோவிலுக்கு இறங்கும் மலைச்சாலையில் அந்த முனை கிழிந்தது. இந்த வண்டியின் பிரேக் ஒரே சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினேன். கீழே குரங்குகளும் பக்தர்களும் இருந்தார்கள்; நல்லவேளை, யார் மீதும் மோதவில்லை.

கழற்றிய 8 அங்குல டிரம்களைக் கேட்டபோது பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். உடைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றிலிருந்து வேறு டிரம்கள் வாங்கி, புது லைனிங்கும் முறையான எஃகுக் குழாயும் போட்டு இப்போது ஓட்டுகிறேன்; 948-க்கு அது போதுமானது.

எண் விவகாரம் இன்னும் தீரவில்லை. ஆர்.சி.யோடு பொருந்தாத எண் இருப்பதால் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் எழுதியிருக்கிறேன். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 விதிகளின்படி தரப்படும் ‘விஏ’ என்ற பழங்கால வாகனப் பதிவெண்ணுக்கும் என்ஜின், சேஸிஸ், பாடி ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பதால், இதுபோன்ற தட்டல் வேலை அங்கேயும் தலைவலி. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்துவிட்டேன்.

மதுரையில் அண்மையில் உங்கள் ஹெரால்டு என்ஜினையும் 1147 என்று சொல்லியிருந்தால், பிளாக்கில் உள்ள ‘ஏ’வைப் படமெடுத்துப் பில்லோடு அனுப்புங்கள், புகாருடன் இணைத்துக்கொள்கிறேன்.