ஷெட்லாந்து ஆட்டுக் கம்பளி: கடற்கரைச் சித்திரத்துக்குத் தேறுமா?

கம்பளியைச் சோப்பு நீரில் நனைத்துத் தேய்த்து ஃபெல்ட் சித்திரம் செய்பவர்களுக்குக் கடைகளில் சுலபமாகக் கிடைப்பது மெரினோ ஆட்டுக் கம்பளி. மென்மைக்குக் குறைவில்லை. ஆனால் அதில் செய்த கடல் வழவழவென்று இருக்கும், பாறையில் சொரசொரப்பே வராது. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவு ஆடுகளின் கம்பளி இதற்கு எவ்வளவோ மேல். பாதி ஓவியம் அதன் இயற்கை நிறத்திலேயே இருக்கிறது: மழைவானத்துக்கு நீலச்சாம்பல் 'எம்ஸ்கெட்', நனைந்த பாறைக்குக் கருஞ்சாம்பல் 'ஷேலா', மணலுக்குத் தேன்நிற 'மியோகெட்'.

சீவிப் பதப்படுத்தியதை விட, ஆடு வளர்ப்பவரிடமே கழுவாத முழு ரோமத்தை வாங்குங்கள். சுருள் கலையாமல் கிடைக்கும். ஒரு கொத்தை இரு முனையிலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். நடுவில் அறுந்தால் அந்த ரோமம் வேண்டாம்.

சாயம் பிடிக்க, அதற்கு முன் கம்பளியைக் கழுவிப் படிகார நீரில் சூடாக்க வேண்டும்: 100 கிராம் காய்ந்த கம்பளிக்கு 10 கிராம் படிகாரம், 5 கிராம் கிரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் சேர்க்கும் புளிப்புத் தூள்). ஒரு மணி நேரத்தில் மெல்ல 85 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி, இன்னொரு மணி நேரம் அதே சூட்டில் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். கிளறினாலும், சூடாக எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டாலும் பாத்திரத்திலேயே கட்டிதட்டிவிடும்.

வெல்டு செடி தெளிந்த மஞ்சள் தரும். கடைசிப் பத்து நிமிடத்தில் 1 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்த்தால் அது கடற்பாசிப் பச்சையாகும். 2 கிராமைத் தாண்டாதீர்கள், இழை நொறுங்கும். சமையல் மஞ்சளும் பீட்ரூட்டும் வெயிலில் வெளுத்துவிடும், சுவரில் மாட்டும் படத்துக்கு ஆகாது. அவுரியை வெள்ளையில் ஏற்றுவதை விட எம்ஸ்கெட் மேல் ஏற்றுங்கள்: புயல் கடலின் நிறம், எந்த வெள்ளைக் கம்பளியிலும் வராத ஆழத்தோடு! அவுரிச் சாயத் தொட்டியில் சுண்ணாம்பு அதிகமானால் காரம் கம்பளியை அரித்துவிடும். அலசுவதில் அவசரம் கூடாது. ஒட்டாத நீலம் தேய்க்கும்போது கசிந்து படத்தின் வெள்ளை அலைநுரையைக் கெடுக்கும்.

30 செ.மீ. படத்துக்கு 45 செ.மீ. அளவில் பரப்புங்கள், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். மூன்று அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. நுரைக்கு வெள்ளைச் சுருள்களைக் கடைசியில் வைத்து, வலை போர்த்தி, முதலில் அழுத்த மட்டும் செய்யுங்கள். உடனே தேய்த்தால் இடம் நழுவும்.

குறை ஒன்று உண்டு. ஒரே ரோமத்தில் தரம் சீராக இருக்காது. தோள்பக்கம் நேர்த்தி, பின்தொடைப்பக்கம் முரடு. முரட்டு ரோமம் மேலடுக்கில் ஒட்டாமல் விறைத்து நிற்கும். அதைப் பிரித்து அடியடுக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.