சித்திரை விருந்துக்கு மேஜை அலங்காரம் என்று 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு இலையில் அரளிப் பூவை வைத்துவிட்டுப் போனார்கள்

கோயம்புத்தூரில் வீட்டு விசேஷத்துக்கு ஆள் வைத்து மேஜை அலங்காரம் செய்ய நினைப்பவர்கள் பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடை பெயரைப் போடவில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அது முடிகிற வரைக்கும் போடுவதாகவும் இல்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் கிடையாது, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இவர்கள் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

2025 ஏப்ரல் 14, திங்கள்கிழமை, சித்திரை ஒன்று. நாத்தனாரின் மாமனார் வீட்டார் பாலக்காட்டுக்காரர்கள். அவர்களுக்கு அன்றைக்கே விஷு. அதனால் இரண்டு குடும்பமும் எங்கள் வீட்டிலேயே கனி பார்த்து, மதியம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதென்று முடிவானது. எங்கள் பக்கம் சித்திரைக்கனி சின்ன விஷயம் இல்லை. அன்றைக்குப் புலியகுளம் விநாயகருக்கு டன் கணக்கில் பழ அலங்காரம், காட்டூர் முத்துமாரியம்மனுக்கு ரூபாய் நோட்டு அலங்காரம் என்று ஊரே வரிசையில் நிற்கும். வீட்டில் முதல் நாள் ராத்திரியே தாம்பாளத்தில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, எலுமிச்சை, அரிசி, பருப்பு, காசு, நகை, புதுப் பஞ்சாங்கம் எல்லாம் பரப்பி, கொன்றைப் பூ வைத்து, பின்னால் கண்ணாடியைச் சாய்த்துவிட்டுத்தான் படுப்போம். விடிகாலையில் அதில்தான் கண் விழிக்க வேண்டும்.

வழக்கமாக இதெல்லாம் அத்தை பொறுப்பு. மூட்டு ஆபரேஷன் ஆகி அவர் கீழே உட்கார முடியாத நிலையில், இன்ஸ்டாகிராமில் பார்த்த ஓர் அலங்காரக்காரரிடம் பேசினேன். படங்கள் அருமையாக இருந்தன. நீலச் சுவர், பெரிய பித்தளை உருளியில் மிதக்கும் பூ, கொத்துக் கொத்தாகத் தொங்கும் சரக்கொன்றை, நடுவில் வாழை இலை ஓடும் நீளமான சாப்பாட்டு மேஜை. கனித் தட்டும் விருந்து மேஜையும் சேர்த்து 9,500 ரூபாய். 6,000 முன்பணம், மீதி வேலை முடிந்த பிறகு. பித்தளைச் சாமான்கள் வாடகைக்கு வருவதால் 2,000 தனியாக டெபாசிட். "எல்லாமே ஃப்ரெஷ் பூதான்க்கா, ஃபோட்டோல இருக்கற மாதிரியே வந்துரும்" என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே இருக்கிறது. பூ, பழம், உருளி, குத்துவிளக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிய பட்டியலும் இருக்கிறது. புகாருக்கு இப்போது அதுதான் கை கொடுக்கிறது.

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். பேசிய ஆள் வரவில்லை. இரண்டு பையன்கள், ஒரு குட்டியானை வண்டி, அதில் இன்னும் நாலைந்து வீட்டுச் சாமான்கள். இறக்குவதற்கு முன்னாலேயே, "ஓனர் பாக்கி வாங்கிட்டுத்தான் இறக்கச் சொன்னாருங்க்கா" என்றான் ஒருவன். முடிந்த பிறகுதானே என்று கேட்டால் போனை நீட்டுகிறான், அந்தப் பக்கம் ஓனர் எடுக்கவில்லை. விடிந்தால் கனி, வீடு நிறைய விருந்தாளிகள். அந்த நேரத்துக்கு வேறு யாரைப் பிடிப்பது? தாமதமாக வருவதே இதற்குத்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பணத்தை அனுப்பினேன். கனித் தட்டைத் துணி போட்டு மூடி, "விடியும்போதுதான் திறக்கணும்ங்க்கா, அதுதான் ஐதீகம்" என்று எனக்கே சாஸ்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

திறந்தோம். கண்ணாடியில் முகம் தெரிந்தது, அது ஒன்றுதான் சரியாக இருந்தது. கொன்றை பிளாஸ்டிக். பலாவுக்குப் பதில் ஒரு பிஞ்சு. பஞ்சாங்கம் போன வருடத்தது! விசுவாவசு பிறக்கிற காலையில் குரோதி பஞ்சாங்கத்தில் கண் விழித்தோம். பாலக்காட்டுப் பெரியவர் எதுவும் சொல்லாமல் கைநீட்டம், அதாவது விஷுக் காசு, கொடுப்பதில் மும்முரமாகிவிட்டார், நல்ல மனுஷர்.

பிளாஸ்டிக்கையும் பஞ்சாங்கத்தையும் சொல்வதற்காக நான் இவ்வளவு நீளமாக எழுதவில்லை. மேஜையில் நடந்ததுதான் விஷயம்.

சாப்பாட்டு மேஜையில் நிஜப் பூ இருந்தது. மஞ்சள் நிறத்தில், மேஜை நெடுக, ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் இரண்டிரண்டாக. அவசரத்தில் பார்த்தால் கொன்றை என்றே நினைக்கத் தோன்றும். பரிமாற ஆரம்பித்துப் பாயசம் வந்துவிட்டது. நாத்தனாரின் நாலு வயதுப் பெண் அந்தப் பூக்களை எடுத்து ஐந்து விரலிலும் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். அத்தை நாற்காலியிலிருந்து அந்தக் கையை எட்டிப் பிடித்தார். ஒரு பூவைக் காம்போடு வாங்கிக் கிள்ளினார். வெள்ளையாகப் பால் வடிந்தது. "என்ன கண்ணு இது, அரளியைக் கொண்டாந்து சோத்து இலையில வெச்சிருக்கான்?"

தங்கரளி. பொன்னரளி என்றும் சொல்வார்கள். ரோட்டோரத்திலும் கோவில் நந்தவனத்திலும் காசில்லாமல் கிடைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். கொன்றைக்கு ஐந்து இதழும் தனித்தனியாக விரிந்திருக்கும், நடுவிலிருந்து நீளமான கேசரங்கள் வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கிள்ளினால் பால் வராது. தங்கரளி குழலாக இருக்கும், குழந்தையின் விரல் உள்ளே போகிற அளவுக்கு. பால் வரும். செடி முழுக்க விஷம், கொட்டை எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே போனால் வாந்தியோடு நிற்காது, இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். சிவப்பு அரளியும் இதே ரகம்தான். சாமிக்கு மாலையாகப் போடுகிறோம், அதில் தப்பில்லை. சாப்பாட்டுப் பக்கம் கொண்டுவருவதில்லை. கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் 2024 மே மாதத்தில் நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்க்கக் கூடாது என்று நிறுத்திவிட்டன. இதைச் சொன்னவர் அதே பாலக்காட்டுப் பெரியவர்தான். அதுவரை பேசாமல் இருந்தவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

குழந்தை வாயில் வைக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பூ பட்ட இலைகளை எல்லாம் எடுத்துப்போட்டு, மறுபடி இலை போட்டுப் பரிமாறினோம். பச்சடியும் வேப்பம்பூ ரசமும் ஆறிப்போயின. குழந்தை நன்றாக இருக்கிறாள். அத்தையின் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் பேசிக்கொள்ளவில்லை.

இலைகளை எடுத்த பிறகுதான் அடியில் இருந்ததைக் கவனித்தோம். வாழை இலை அச்சடித்த பிளாஸ்டிக் தாள், மேஜை நீளத்துக்கு. சாம்பார் வாளியை வைத்த இடத்தில் சுருங்கி வாளியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. பை, கப், உறிஞ்சுகுழல் மட்டும்தான் பட்டியலில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அலங்காரக்காரர் யாராவது அதை விரித்தால் தாராளமாகச் சுருட்டிக் கையில் கொடுக்கலாம்.

மேஜை பூரா ஜிகினாத் தூள், வெனிலா வாசனை மெழுகுவத்தி, நுனி வலது பக்கம் வருகிற மாதிரி போட்ட இலைகள். நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். விருந்து மேஜை என்று படம் போட்டுக் காசு வாங்குகிறவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் மாம்பழம். கனிக் கூடையில் ஒரே மஞ்சளாக, ஒரு பச்சைக் கீற்றுகூட இல்லாமல் பளபளவென்று இருந்தது. நறுக்கினால் உள்ளே வெளிர்ந்து, கெட்டியாக, புளிப்பு. கூடை அடியில் வைக்கோலுக்குள் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம், அதில் சாம்பல் நிறப் பொடி, பூண்டு மாதிரி வாடை. கார்பைடுக்கு அந்த வாடை உண்டு. கார்பைடு வைத்துப் பழுக்கவைத்த பழத்தை விற்கவே கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 விதிகளிலேயே தடை இருக்கிறது. கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பழுக்கவைக்க எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரை பயன்படுத்தத்தான் அனுமதி. பொட்டலத்தைப் படம் எடுத்து, பழத்தோடு ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வைத்தேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் தனியாகப் புகார் கொடுத்தாயிற்று.

மறுநாள் காலை சாமான் எடுக்க வந்தார்கள். 2,000 டெபாசிட்டைக் கேட்டால், "உருளில ஸ்கிராட்ச் இருக்குங்க்கா, ஓனர் பிடிச்சுக்கச் சொன்னாரு" என்று பதில். உருளியைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் தங்க நிற ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். ஒரு நாள் தண்ணீர் நின்றதில் பெயின்ட் உரிந்து, செதில் செதிலாகப் பூவோடு மிதக்கிறது. இல்லாத பித்தளையில் விழுந்த கீறலுக்கு 2,000 ரூபாய்!

ஓனரை அன்று மாலைதான் பிடிக்க முடிந்தது. விஷு நேரம், கொன்றை எங்குமே கிடைக்கவில்லை என்றார். என் வீட்டுக்காரர் சனிக்கிழமை மேட்டுப்பாளையம் ரோடு பூ மார்க்கெட்டுக்குப் போனபோது அங்கே கட்டுக் கட்டாக விற்றுக்கொண்டிருந்தார்கள். கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு போன் போட்டுச் சொன்னால் செவ்வந்தியும் மல்லிகையும் போதும் என்றிருப்போம். அரளியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது டெக்கருக்குத்தான் மேடம், சாப்பிடறதுக்கு இல்லையே" என்றார். அக்கா என்பது மேடமாக மாறியதும் பேச்சு முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்.

இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே வராமல் போனால் அது சைபர் மோசடி, உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். வேலை செய்கிறேன் என்று வந்து மோசமாகச் செய்துவிட்டுப் போனால் அது சேவைக் குறைபாடு. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அதில் பதிந்திருக்கிறேன், அவர்கள் எதிர்த் தரப்பிடம் பேசிப் பார்ப்பார்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பையன்கள் சாமான் இறக்கும்போதே படம் எடுத்து வைத்திருந்தது எனக்கு உதவுகிறது. பூவும் பழமும் மறுநாளே வாடிப்போய்விடும், அதற்கப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பது?

அந்த அழகான படங்களை என் தங்கை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தாள். நீலச் சுவரும் உருளியும் கேரளத்தில் ஒரு ரிசார்ட்டின் பக்கத்தில் இருக்கின்றன, இவர் கணக்கு தொடங்குவதற்கு முன்பே போட்ட படங்கள். அட்வான்ஸ் கேட்கும்போது, போன வாரம் செய்த வேலையின் வீடியோவை ஓனர் குரலோடு அனுப்பச் சொல்லுங்கள். உருளியை விரலால் தட்டிக் காட்டச் சொல்லுங்கள், பித்தளை என்றால் சத்தம் கேட்கும். என்ன பூ என்று பெயர் எழுதி வாங்கும்போதே, அரளி எந்த நிறத்திலும் சாப்பாட்டு மேஜைக்கு வரக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பாக்கியை வேலை முடியாமல் கொடுக்க முடியாது என்று பகலிலேயே பேசி, மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் ஆர்டர் ரத்து என்றும் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஆட்கள் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்வதில்லை.

போன வாரம் வேறு எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. கூகுளில் நான் எழுதிய ரிவ்யூவை எடுத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தருவாராம். முழுப் பணத்தையும் கேட்டேன், பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அந்த இன்ஸ்டாகிராம் பக்கமே புதுப் பெயருக்கு மாறியிருக்கிறது. பழைய பெயரைப் போட்டும் பிரயோஜனம் இல்லை என்று சொன்னது இதனால்தான். படங்கள் மட்டும் அதேதான். வைகாசிக் கல்யாணப் பந்தி அலங்காரத்துக்கு இப்போதே புக்கிங் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், 6,000 முன்பணம்.