ஹியூகோ: ஒரே கோப்பில் அடங்கும் வலைப்பதிவுக் கருவி

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் அறிவித்தல்களையும், வாசிகசாலைக்கு வரும் புதிய நூல்களின் அறிமுகங்களையும் இணையத்தில் இடுவதற்காகக் கடந்த ஒரு வருடமாக உரைக்கோப்புகளை இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் ஹியூகோ என்னும் கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். மாதம் நான்கைந்து பதிவுகள் மட்டுமே ஏறும் தளத்துக்குத் தரவுத்தளமும் நிர்வாகப் பக்கமும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதனைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பக்கங்களின் அமைப்பை வகுக்கும் வார்ப்புருவில் கை வைக்க விரும்புபவர்கள் மட்டும் சில இரவுகளை அதற்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்டீவ் பிரான்சியா 2013 இல் தொடங்கிய இம்மென்பொருள் கோ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. முதலில் நான் முயன்றது 2008 இல் வெளிவந்த, இதே வகைக் கருவியான ஜெக்கில். அதற்கு ரூபி மொழியையும் துணைப் பொதிகளையும் நிறுவ வேண்டியிருந்ததால் கைப்பேசி டேட்டா கரைந்ததுதான் மிச்சம். ஹியூகோவுக்கு ஒரே ஓர் இயங்கு கோப்புப் போதும். எளிய குறிகளால் உரையை வடிவமைக்கும் மார்க்டவுன் முறையில் உரைக்கோப்பை எழுதி, தலைப்பையும் திகதியையும் மேலே குறித்து, 'ஹியூகோ சேர்வர்' என்று கட்டளையிட்டால் உலாவியில் நம் கணினியின் 1313 ஆம் போர்ட்டில் தளம் தெரியும். இணையத் தொடர்பே வேண்டியதில்லை.

ஒருநாள் காலை ஏழு மணிக்கு எழுதிய பொதுக்கூட்ட அறிவித்தல் தளத்தில் தோன்றவே இல்லை, பிழைச்செய்தியும் இல்லை. நேரத்தைக் கையால் எழுதிய நான் +05:30 ஐச் சேர்க்க மறந்திருந்தேன். நேர வலயம் குறிக்கப்படாத நேரத்தை ஹியூகோ உலகப் பொதுநேரமாகக் கொள்வதாலும், வருங்கால நேரமிட்ட பதிவுகளை நாமாகக் கேட்டாலொழிய வெளியிடாததாலும், பகல் பன்னிரண்டரை வரை அந்த அறிவித்தல் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை. அமைப்புக் கோப்பில் நேர வலயத்தை 'ஏசியா/கொலம்போ' என்று ஒருமுறை எழுதியதோடு அத்தொல்லை ஒழிந்தது.

வார்ப்புருக்களில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு புள்ளி. பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் 'ரேஞ்ச்' சுற்றுக்கு வெளியே புள்ளி நடப்புப் பக்கத்தைக் குறிக்கும். சுற்றுக்குள் அதே புள்ளி அந்தந்தப் பதிவைக் குறிக்கும். இதை அறியாமல் பட்டியலில் பிரிவின் பெயரைக் கேட்டபோது பதிவின் தலைப்பே இரண்டு தடவை வந்து நின்றது. புள்ளிக்கு முன் ஒரு டொலர் குறி இட்டதும் சரியாயிற்று. திகதி எவ்வடிவில் அமைய வேண்டும் என்பதையும் 2006 ஜனவரி 2 ஐ எழுதிக் காட்டித்தான் சொல்ல வேண்டும். கோ மொழியின் இந்த விசித்திரத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

தமிழ்க் கோப்புப் பெயர்களை அது தடையின்றி ஏற்கிறது. ஆனால் முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே 99 எழுத்துக்குறிகள் கொண்ட விழுக்காட்டுக் குறிச் (%) சங்கிலியாகிவிடுகிறது. ஆகையால் ஒவ்வொரு பதிவிலும் ஆங்கில எழுத்தில் குறுமுகவரி ஒன்றைத் தனியே கொடுத்துவிடுகிறேன்.

புதிய பதிப்புகளில் பழைய வார்ப்புருக்கள் இடறுவதுண்டு. கருவி ஒரே கோப்பு என்பதால், தளத்தை உருவாக்கிய பதிப்பையே பென் டிரைவில் கட்டுரைகளோடு சேர்த்து நிலையத்தின் அலுமாரியில் வைத்திருக்கிறோம்.