சாட்டுச் சொல்வதும் சிங்களத்தில்தான்: திருகோணமலையில் ஒரு பின்னேர வகுப்பு

பத்திரகாளி அம்மன் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் நடக்கும் பேச்சுச் சிங்கள வகுப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாதம் 2,500 ரூபா, ஒரு நாளைக்கு 2 மணித்தியாலம். ஆறு மாதம் போய் முடித்துவிட்டேன். நல்ல வகுப்பு, சேருங்கள்.

நான் அரச அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவைக்கு வந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை இருக்கிறது. நான் சேர்ந்தது 2016இல், கணக்கை நீங்களே பாருங்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு சாட்டு இருந்தது. மார்கழியில் மழை, சித்திரையில் பிள்ளைகளுக்கு லீவு, 2022இல் பெற்றோல் வரிசை. ஒன்றும் பொய்யில்லை, பொய்யாக இருந்திருந்தால் மனம் முதலே உறுத்தியிருக்கும்.

போன வருடம் கந்தளாயிலிருந்து ஒரு வயதான அம்மா வந்து, படிவத்தை நீட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை, விளங்குகிற ஆள் சாப்பிடப் போயிருந்தார், அந்த அம்மா அரை மணித்தியாலம் வாங்கில் இருந்து படிவத்தை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார். கையெழுத்து எந்த இடத்தில் வைப்பது என்றுதான் கேட்டிருக்கிறார். அந்தக் கிழமையே வகுப்பு விசாரித்தேன்.

ரீச்சர் சிங்களவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு: வராமல் விட்டவர், பாடம் செய்யாதவர் எல்லாரும் எழும்பி நின்று காரணத்தைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். முதல் தடவை நான் 'வெலாவக் நெஹெ' என்றேன், நேரம் இல்லை. சரி என்று விட்டுவிட்டார். இரண்டாவது தடவை 'மட்ட அமதக உனா' என்றேன். அதைப் பலகையில் எழுதி, கீழே தமிழில் 'எனக்கு மறந்து போச்சு' என்று எழுதினார். "பாருங்க மகள், ரெண்டு பாஷையிலயும் நீங்க ஒண்டும் செய்யேல்ல, மறதி தானா வந்திருக்கு. இப்ப 'மம' போட்டுச் சொல்லுங்க." மம என்றால் நான். 'மம பாடம் களே நெஹெ', நான் பாடம் செய்யவில்லை. இருபது பேருக்கு முன்னால் அந்த மூன்று, நாலு சொல்லைச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த சனி மழை கொட்டியது. 'வஹினவா' என்று சொல்லத் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் 'மம'வைப் போட்டால் வசனம் வரவே வராது. குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு வகுப்பும் விடவில்லை.

உச்சரிப்பும் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். 'கந்த' என்றால் மலை, அதே சொல்லில் மூக்கொலியைப் பாதியாகக் குறைத்துச் சொன்னால் மரத்தின் தண்டு. எங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், பிடிபட எனக்கு ஒரு மாதம் எடுத்தது.

குறையும் இருக்கிறது. இருபது பேருக்கு ஒரே ஒரு மின்விசிறி, வைகாசியில் சுடுகிற கச்சான் காற்று தொடங்கினால் விறாந்தையில் இருக்க ஏலாது. போட்டோகொப்பி தாள்களில் எழுத்து மங்கல். எழுத்துப் பாடத்துக்குக் கடைசி 20 நிமிடம்தான், எங்கள் ஒரு 'க' அங்கே நாலு எழுத்தாக நிற்கும்போது அது கொஞ்சமும் போதாது, பரீட்சைக்கு எழுதப் போகிறவர்கள் வீட்டில் தனியாக எழுதிப் பழக வேண்டும். இதை ரீச்சரிடமும் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்.

பேசப் பழக வேண்டும் என்று நினைப்பவர்கள் யோசிக்காமல் போகலாம். கால் மணித்தியாலம் முந்திப் போனால் விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும், 80 பக்கக் கொப்பி ஒன்றும் கொண்டுபோங்கள்.